முதுகுத்தண்டின் அரிய கட்டிகளை ஸ்மியரில் கண்டறிவது: ஆபரேஷன் தியேட்டரிலிருந்து ரிப்போர்ட் வரை

ஸ்மியர் என்பது ஆபரேஷன் நடக்கும்போதே எடுத்த திசுத் துண்டை ஸ்லைடில் நசுக்கிப் பரப்பி மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது. இந்த வழிகாட்டி பேத்தாலஜி முதுநிலை மாணவர்களுக்கும், நியூரோ ஆபரேஷன் நடக்கும் மருத்துவமனைகளில் புதிதாக ஸ்மியர் பார்க்கத் தொடங்கியவர்களுக்கும், அவர்களோடு வேலை செய்யும் டெக்னீஷியன்களுக்கும். சென்னையில் பல பேட்ச் மாணவர்களோடு ஒரே மைக்ரோஸ்கோப்பில் உட்கார்ந்து பார்த்ததில் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. அவர்களுக்குச் செல்கள் தெரியாமல் இல்லை, பார்க்கும் வரிசைதான் மாறிப்போகிறது. ஸ்லைடு கைக்கு வந்ததும் 40 எக்ஸ் லென்ஸைத் திருப்பி, ஒரு உட்கருவையே உற்றுப் பார்த்து, அதிலிருந்து கட்டியின் பெயரைத் தேடுகிறார்கள். கட்டி எந்த இடத்தில் இருந்தது என்பதைக் கடைசியில்தான் கேட்கிறார்கள். தண்டுவடத்தைப் பொறுத்தவரை அதுதான் முதல் கேள்வி.

1. ஸ்லைடைத் தொடுவதற்கு முன் எம்ஆர்ஐயைப் பாருங்கள்

ஃபாரத்தில் "ஸ்பைனல் எஸ்ஓஎல்" (முதுகுத்தண்டில் இடத்தை அடைக்கும் ஏதோ ஒன்று) என்று மட்டும் எழுதி வந்தால் அதை வைத்து வேலையைத் தொடங்காதீர்கள். சென்னையின் பெரிய அரசு மருத்துவமனைகளுக்கு வருபவர்கள் பலர், சொந்த ஊரில் வெளியே எடுத்த ஸ்கேனோடு வருகிறார்கள். ஃபிலிம் வார்டில் இருக்கும், அல்லது கூட வந்தவரின் பையில் இருக்கும். முதல் நாளே ஆபரேஷன் லிஸ்டைப் பார்த்து, ஃபிலிமை வரவழைத்துப் பார்த்துவிடுவது நல்லது.

கேட்க வேண்டியது முக்கியமாக இதுதான்: கட்டி தண்டுவடத்தை மூடியிருக்கும் டூரா உறைக்கு வெளியே இருக்கிறதா, டூராவுக்கு உள்ளே ஆனால் தண்டுவடத்துக்கு வெளியே இருக்கிறதா, தண்டுவடத்துக்குள்ளேயே இருக்கிறதா? இந்த மூன்று அறைகளிலும் குடியிருக்கும் கட்டிகள் வேறு வேறு.

டூராவுக்கு வெளியே என்றால் பெரும்பாலும் வேறு உறுப்பிலிருந்து பரவிய புற்றுநோய், மைலோமா, லிம்போமா. நம் ஊரில் இவற்றோடு டிபியையும் கட்டாயம் சேர்த்துக்கொள்ள வேண்டும். அரியவற்றில் கார்டோமா, கான்ட்ரோசார்கோமா, ஜயன்ட் செல் கட்டி. டூராவுக்கு உள்ளே, தண்டுவடத்துக்கு வெளியே என்றால் ஷ்வானோமா, மெனிஞ்சியோமா; தண்டுவடம் முடியும் இடத்துக்குக் கீழே என்றால் மிக்ஸோபாப்பிலரி எபென்டிமோமா, காடா ஈக்வைனாவில் (தண்டுவடம் முடிந்த பின் கீழே இறங்கும் நரம்புக் கொத்து) வரும் பாராகாங்லியோமா. தண்டுவடத்துக்குள்ளேயே என்றால் பெரியவர்களில் எபென்டிமோமா, குழந்தைகளில் ஆஸ்ட்ரோசைட்டோமா, அவ்வப்போது ஹீமாஞ்சியோபிளாஸ்டோமா.

அப்புறம் எந்த எலும்பு மட்டம், நோயாளியின் வயது, முன்பு புற்றுநோய் வந்ததா, காய்ச்சல் இருந்ததா என்று கேளுங்கள். ஸ்டீராய்டு கொடுத்தார்களா என்பதை மறக்கவே கூடாது. கால் செயலிழந்து வருபவருக்கு டெக்ஸாமெத்தசோன் போட்டிருப்பார்கள். அது லிம்போமா செல்களைக் கரைத்துவிடும். ஸ்லைடில் செத்த செல்களும், அவற்றை விழுங்கும் மேக்ரோபேஜ்களும்தான் மிஞ்சும். அது தெரியாமல் பார்த்தால் "கட்டி இல்லை" என்று எழுதத் தோன்றும்.

2. மேஜையில் என்னென்ன தயாராக இருக்க வேண்டும்

சுத்தமான ஸ்லைடுகள், நோயாளியின் எண்ணை எழுதப் பென்சில் (பேனா மை ஆல்கஹாலில் அழிந்துவிடும்), 95 சதவீத ஆல்கஹால் நிரப்பிய காப்லின் ஜாடி, வேகமான ஹெச் அண்ட் இ வரிசை, கீம்சா அல்லது அதுபோன்ற ரோமனோவ்ஸ்கி ஸ்டெயின், 10 சதவீத பஃபர் ஃபார்மலின், கிருமி நீக்கிய சலைன் பாட்டில் ஒன்று. இந்தச் சலைன் பாட்டில் எதற்கு என்பது 7-ஆம் பகுதியில் வருகிறது. பலர் அதை வைக்க மறக்கிறார்கள்.

ஆல்கஹாலை ஒவ்வொரு கேஸுக்கும் வடிகட்டுங்கள், அல்லது மாற்றுங்கள். முந்தைய கேஸின் செல் மிதந்து வந்து இந்த ஸ்லைடில் ஒட்டினால், முதுகில் இல்லாத புற்றுநோயை நீங்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள்.

சென்னை ஈரப்பதத்தில் மைக்ரோஸ்கோப் லென்ஸில் பூஞ்சை படியும். லென்ஸ் மங்கினால் உட்கருவின் நுண்மைதான் முதலில் போகும். பெட்டிக்குள் சிலிகா ஜெல் வைத்து, நிறம் மாறியதும் மாற்றுங்கள்.

3. திசு வந்ததும் முதல் இரண்டு நிமிடம்

காய்ந்த காஸ் துணியில் வைத்து அனுப்ப வேண்டாம் என்று தியேட்டர் நர்ஸிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். திசு காய்ந்துபோவதோடு துணியின் நாரும் ஒட்டிக்கொள்ளும். நிறைய சலைனில் மிதக்கவிட்டாலும் செல்கள் ஊதிப்போகும். சலைனில் நனைத்துப் பிழிந்த காஸில் மூடி, சின்ன மூடியுள்ள டப்பாவில் அனுப்புவதே சரி.

வந்ததை முதலில் வெறுங்கண்ணால் பாருங்கள். கொழகொழவென்று ஜெல்லியாக இருக்கிறதா, ரப்பர் மாதிரி இழுத்தாலும் அறுபடாமல் இருக்கிறதா, நறநறக்கிறதா, சீழ் மாதிரி மஞ்சளாக இருக்கிறதா? இதை எழுதிவையுங்கள், பிறகு உதவும்.

காட்டரியில் (திசுவைச் சுட்டு வெட்டும் கருவி) கருகிய ஓரத்தையும் ரத்தக் கட்டியையும் விட்டுவிட்டு, வேறு வேறு இடங்களிலிருந்து 1 மில்லிமீட்டர் அளவுத் துண்டுகளாக எடுங்கள். மொத்தத் திசுவையும் ஸ்மியரில் செலவழித்துவிடக் கூடாது. தண்டுவடத்திலிருந்து வருவது சில சமயம் ஒரு கடுகளவுதான். அதில் பாதியாவது பாராஃபின் பிளாக்குக்கு (திசுவை மெழுகில் பதித்து மெல்லிய சீவலாக வெட்டிப் பார்ப்பது) வேண்டும், ஏனென்றால் இறுதிப் பெயர் அங்கேதான் முடிவாகிறது.

4. ஸ்மியர் இழுப்பது

துண்டை ஸ்லைடின் ஒரு பக்கமாக வையுங்கள். இன்னொரு ஸ்லைடை மேலே படுக்கவைத்து, கட்டை விரலால் மெதுவாக அழுத்தி, அது பரவத் தொடங்கியதும் ஒரே இழுப்பில் பிரியுங்கள். பிரிந்த நொடியிலேயே ஒன்றை ஆல்கஹாலில் போடுங்கள். இன்னொன்றைக் காற்றில் உலரவிடுங்கள்.

இரண்டும் ஏன் வேண்டும்? ஆல்கஹாலில் போட்டதில் உட்கருவின் அமைப்பு தெளிவாகத் தெரியும். உலர்த்தி கீம்சா போட்டதில் செல்களுக்கு வெளியே இருக்கும் பொருள், அதாவது மேட்ரிக்ஸ், பளிச்சென்று மஜெந்தா நிறத்தில் தெரியும். அரிய கட்டிகளில் பாதி விடை அந்த மேட்ரிக்ஸில்தான் இருக்கிறது. ஹெச் அண்ட் இ மட்டும் போட்டால் அது வெளிறிப்போய்க் கண்ணுக்கே படாமல் போகும்.

இங்கே மாணவர்கள் செய்யும் தவறுகள் மூன்று வகை. துண்டைப் பெரிதாக எடுத்தால் தடித்த ஸ்மியராகி ஒளி ஊடுருவாது. லிம்போமாவையும் எலும்பு மஜ்ஜையையும் பலமாக அழுத்தினால் செல்கள் நூல் நூலாக இழுபட்டு எதுவும் மிஞ்சாது. மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து போட்டால், ஆல்கஹாலுக்குப் போவதற்குள் ஸ்லைடு பாதி உலர்ந்து உட்கருக்கள் பெருத்து மங்கிவிடும். உலர்த்தும் ஸ்லைடுக்கு நேர் எதிர்ப் பிரச்சினை. ஐப்பசி, கார்த்திகை மழையில் அது உலரவே உலராது, மெதுவாக உலர்ந்தால் செல்கள் சுருங்கிக் கெடும். அதற்குத் தனியாக ஒரு மேஜை விசிறியையோ, குளிர் காற்றில் வைத்த ஹேர் டிரையரையோ பயன்படுத்துங்கள். சூடான காற்று வேண்டாம்.

5. 4 எக்ஸில் இருந்து தொடங்குங்கள்

எப்படிப் பரவியிருக்கிறது என்பதே ஒரு குறிப்பு. சமமாக, மெல்லிய படலமாகப் பரவினால் கிளையல் கட்டி (நரம்பு செல்களைத் தாங்கும் செல்களில் வருவது), லிம்போமா, பரவிய புற்றுநோய் போன்றவை. எவ்வளவு அழுத்தினாலும் கயிறு கயிறாக, கட்டி கட்டியாக நின்றால் ஷ்வானோமா அல்லது ஹீமாஞ்சியோபிளாஸ்டோமா. பரவ மறுக்கிறதே என்று அந்த ஸ்லைடைத் தூக்கிப் போட வேண்டாம். ஓரத்தில் தனியாக நிற்கும் சில செல்களைப் பாருங்கள், கூடவே திசுவை உறையவைத்து வெட்டும் ஃப்ரோஸன் செக்‌ஷன் ஒன்றைக் கேளுங்கள்.

அடுத்து பின்னணி: நுண் நார்களா, மஜெந்தா மேட்ரிக்ஸா, செத்த திசுவா, சுத்தமான ரத்தமா? அதன் பிறகுதான் செல்கள் சேர்ந்திருக்கும் விதம். ரத்தக் குழாயைச் சுற்றி நிற்கின்றனவா, சுழல் சுழலாகவா, தனித்தனியாகவா? உட்கருவைப் பார்க்க 40 எக்ஸுக்குப் போவது இதையெல்லாம் முடித்த பிறகு.

6. தண்டுவடத்துக்குள்ளிருந்து வந்த ஸ்மியர்

தியேட்டரில் அடுத்து என்ன செய்வது என்பதை உங்கள் பதில் நேரடியாக மாற்றும் இடம் இது. எபென்டிமோமாவுக்கும் தண்டுவடத்துக்கும் நடுவே பெரும்பாலும் பிரிக்கக்கூடிய எல்லை இருக்கும். சர்ஜன் முழுதும் எடுக்க முயல்வார். ஊடுருவிப் பரவும் ஆஸ்ட்ரோசைட்டோமாவுக்கு அந்த எல்லை இல்லை. அதைத் துரத்திக்கொண்டு போனால் நல்ல தண்டுவடம் சேதமாகும்.

எபென்டிமோமாவில் உட்கருக்கள் ஒரே மாதிரி வட்டமாகவோ நீள்வட்டமாகவோ இருக்கும். ரத்தக் குழாயைச் சுற்றி உட்கரு இல்லாத ஒரு நார் வளையம், அதற்கு வெளியே செல்கள்: இந்தப் போலி ரோஸெட்தான் தேட வேண்டியது. ஆஸ்ட்ரோசைட்டோமாவில் நார்ப் பின்னணி எங்கும் பரவியிருக்கும், உட்கருக்கள் கோணல்மாணலாக இருக்கும். டானிசைட்டிக் எபென்டிமோமா என்ற வகையில் செல்கள் நீண்டு ஒல்லியாக, ரோஸெட் அரிதாக இருக்கும். பார்த்தவுடன் ஷ்வானோமா என்று சொல்லத் தோன்றும். கட்டி தண்டுவடத்துக்குள்ளே என்று முன்பே தெரிந்திருந்தால் அந்தத் தவறு நடக்காது.

ஹீமாஞ்சியோபிளாஸ்டோமாவில் நுண் ரத்தக் குழாய்களின் வலைக்கு நடுவே, சைட்டோபிளாசத்தில் குமிழ்கள் உள்ள செல்கள் இருக்கும். இதைச் சிறுநீரகப் புற்றுநோய் பரவியது என்று எடுத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. பிளாக்கில் இன்ஹிபின் ஸ்டெயின் ஏறினால் முன்னது, பாக்ஸ்8 ஸ்டெயின் ஏறினால் பின்னது. இந்தக் கட்டி வந்தால் வான் ஹிப்பல்-லிண்டாவ் நோய்க்கான (பல உறுப்புகளில் கட்டி வரும் பரம்பரை நோய்) பரிசோதனையையும் சொல்லுங்கள்.

நுரைத்த மேக்ரோபேஜ்கள் நிறைய இருந்தால் அங்கேயே நில்லுங்கள். நரம்பு இழைகளின் உறையான மயலின் சிதையும் நோயும் எம்ஆர்ஐயில் கட்டி மாதிரியே தண்டுவடத்தை வீங்கவைக்கும். மேக்ரோபேஜ்களும் பெருத்த ஆஸ்ட்ரோசைட்டுகளும் சேர்ந்து நிற்பதைப் பார்த்துக் கிளையல் கட்டி என்று சொல்லிவிட்டால், வெட்டத் தேவையில்லாத ஒரு தண்டுவடம் வெட்டப்படும். சந்தேகம் இருந்தால் "கட்டி என்று உறுதியில்லை, பிளாக்குக்குக் காத்திருங்கள்" என்று சொல்லும் துணிச்சல் வேண்டும்.

கட்டியின் தரத்தை (எவ்வளவு வீரியமானது என்பதை) ஸ்மியரில் சொல்லாதீர்கள். நடுக்கோட்டில் ஊடுருவிப் பரவும் கிளையோமாவில் ஹெச்3 கே27 மாற்றம் இருந்தால் அது 2021 உலக சுகாதார நிறுவன வகைப்பாட்டில் 4-ஆம் தரம், செல்கள் எவ்வளவு சாதுவாகத் தெரிந்தாலும். அதை ஸ்மியர் காட்டாது.

7. டிபியையும் லிம்போமாவையும் முதலில் பிரித்துவிடுங்கள்

டூராவுக்கு வெளியே இருந்து வந்த எந்தத் திசுவிலும், அது எவ்வளவு அரிய கட்டி போலத் தோன்றினாலும், செத்த திசுவும், டிபியில் திரளும் எபிதீலியாய்டு செல் கூட்டமும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மீதியில் ஒரு பகுதியை ஃபார்மலினில் போடாமல் சலைனில் சிபிநாட் (டிபி கிருமியின் டிஎன்ஏவைத் தேடும்) பரிசோதனைக்கும் கல்ச்சருக்கும் அனுப்புங்கள். ஃபார்மலினில் விழுந்த திசுவில் கிருமி வளராது. இரண்டாம் முறை அந்த இடத்தைத் திறக்க யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

தனித்தனியாக நிற்கும் ஒரே மாதிரியான வட்டச் செல்கள், பின்னணியில் நீலநிறச் சிறு துணுக்குகள் என்றால் லிம்போமா. ஃப்ளோ சைட்டோமெட்ரிக்கு (செல்களை ஒவ்வொன்றாக வகை பிரிக்கும் பரிசோதனை) ஃபார்மலினில் போடாத புதிய திசு தேவைப்படும் என்பதை உடனே சொல்லுங்கள்.

8. மஜெந்தா மேட்ரிக்ஸ்: ஒரே நிறம், பல கட்டிகள்

கற்பிக்க அதிக நேரம் எடுத்துக்கொள்வது இந்தப் பகுதிக்குத்தான். இடுப்புக்குக் கீழே, சேக்ரம் (முதுகெலும்பின் அடியில் உள்ள எலும்பு) பக்கம் இருந்து வந்த ஸ்மியர். கீம்சாவில் மஜெந்தா வெள்ளம். மாணவர் சொல்வார்: "மேடம், கார்டோமா!" இருக்கலாம். ஆனால் அதே நிறத்தை மிக்ஸோபாப்பிலரி எபென்டிமோமா, கான்ட்ரோசார்கோமா, சளி சுரக்கும் அடினோகார்சினோமா, மிக்ஸாய்டு மாற்றம் கண்ட ஷ்வானோமா எல்லாமே காட்டும்.

கார்டோமாவில் மேட்ரிக்ஸ் நுண் நாராகப் பிரிந்து ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகச் சுற்றிக்கொள்ளும். அதற்குள் பெரிய செல்கள், சைட்டோபிளாசம் முழுக்கச் சோப்பு நுரை போலக் குமிழ்கள், குமிழ் அழுத்தி ஓரத்தில் பள்ளம் விழுந்த உட்கரு. இவைதான் ஃபைஸாலிஃபெரஸ் செல்கள். இவற்றை மட்டும் தேடிக்கொண்டிருக்க வேண்டாம், சில கேஸ்களில் இவை மிகக் குறைவு. குமிழ் இல்லாத சிறிய எபிதீலியாய்டு செல்கள் வரிசையாக மேட்ரிக்ஸுக்குள் நிற்பதும் கார்டோமாதான்.

மிக்ஸோபாப்பிலரி எபென்டிமோமாவில் மேட்ரிக்ஸ் உருண்டை உருண்டையாக இருக்கும். உருண்டையைச் சுற்றிச் சின்னச் செல்கள் ஒட்டி நிற்கும், அவற்றிலிருந்து மெல்லிய நார்க் கால்கள் நீளும். மேட்ரிக்ஸுக்குள் செல் இருக்கிறதா, மேட்ரிக்ஸைச் சுற்றிச் செல் இருக்கிறதா என்று உங்களையே கேளுங்கள். முன்னது கார்டோமா பக்கம், பின்னது மிக்ஸோபாப்பிலரி பக்கம். இங்கே மறுபடியும் இடம் பேசுகிறது: கார்டோமா எலும்பைத் தின்றுகொண்டு வரும், மிக்ஸோபாப்பிலரி பெரும்பாலும் டூராவுக்குள் ஃபைலம் டெர்மினாலேயில் (தண்டுவட நுனியிலிருந்து கீழே இறங்கும் மெல்லிய இழை) தொங்கும். சேக்ரத்துக்கு முன்னாலோ பின்னாலோ டூராவுக்கு வெளியே அது வருவதும் உண்டு, அரிதாக. சர்ஜனுக்கு இந்த வேறுபாடு அவசரமாக வேண்டும், ஏனென்றால் மிக்ஸோபாப்பிலரியின் உறையைக் கிழிக்காமல் முழுசாக எடுக்கப் பார்ப்பார்கள். உறை கிழிந்தால் செல்கள் தண்டுவட நீரில் பரவும். 2021 வகைப்பாட்டில் இதை 2-ஆம் தரத்துக்கு உயர்த்தியிருக்கிறார்கள்.

கான்ட்ரோசார்கோமாவில் செல்கள் குழிகளுக்குள் உட்கார்ந்திருக்கும், மேட்ரிக்ஸ் கெட்டித் துண்டுகளாக வரும். எல்லாக் குருத்தெலும்பும் கட்டி அல்ல. சிடி வழிகாட்டலில் ஊசி குத்தும்போது டிஸ்க்கின் குருத்தெலும்பு சாதாரணமாக ஊசியில் வந்துவிடும். செல் குறைவாக, சாதுவாக, ஒன்றிரண்டு துண்டு மட்டும் இருந்தால் ரேடியாலஜிஸ்டிடம் ஊசி நுனி எங்கே நின்றது என்று கேளுங்கள்.

அப்புறம், ஸ்டெயின் கேட்பதில் பலர் தடுக்கி விழும் இடம். செல்லில் உள்ள ஒரு புரதத்தைக் காட்டும் எஸ்100 ஸ்டெயினை மட்டும் கேட்டு அனுப்பும் பழக்கம் நிறையப் பேரிடம் இருக்கிறது. கார்டோமா, கான்ட்ரோசார்கோமா, ஷ்வானோமா மூன்றுமே எஸ்100 ஏற்கும், மிக்ஸோபாப்பிலரியும் பெரும்பாலும் ஏற்கும். அதனால் எதுவும் பிரியாது. சைட்டோகெராட்டின் மட்டும் போட்டால் இன்னும் மோசம். கார்டோமாவும் ஏற்கும், அடினோகார்சினோமாவும் ஏற்கும்; "பரவிய புற்றுநோய்" என்று முடித்து, இல்லாத முதல் கட்டியைத் தேடி நோயாளியை அலையவிடுவோம். கேட்க வேண்டியது பிராக்கியூரி, கெராட்டின், ஜிஎஃப்ஏபி, எஸ்100 நான்கும் சேர்ந்து. பிராக்கியூரி உட்கருவில் ஏறினால், கெராட்டினும் இருந்தால், கார்டோமா. கெராட்டின் இல்லை, பிராக்கியூரி இல்லை, எஸ்100 மட்டும் என்றால் கான்ட்ரோசார்கோமா. ஜிஎஃப்ஏபி பலமாக வந்தால் மிக்ஸோபாப்பிலரி. குழந்தையிலோ இளம் வயதிலோ, மேட்ரிக்ஸே இல்லாத மோசமான செல்களில் பிராக்கியூரி வந்தால் ஐஎன்ஐ1 கூடப் போடுங்கள். அது காணாமல் போயிருந்தால் சரியாக வேறுபடாத கார்டோமா.

சேக்ரம் கட்டியில் ஊசி பயாப்ஸி கேட்கும்போதே ஒன்றைச் சொல்லுங்கள்: மலக்குடல் வழியாகக் குத்த வேண்டாம். ஊசி போன பாதையையும் சேர்த்தே பிறகு வெட்டியெடுக்க வேண்டியிருக்கும். பின்புறமாகக் குத்தினால் அது முடியும்; மலக்குடல் வழியாகப் போனால் மலக்குடலும் பலியாகலாம்.

கார்டோமா என்ற பெயர் சரியாக விழுவதற்கு ஏன் இவ்வளவு பாடு? அது முதல் ஆபரேஷனிலேயே ஓரம் சுத்தமாக, ஒரே துண்டாக எடுக்கப்பட வேண்டிய கட்டி. அப்படி எடுக்க முடியாதபோது உயர் அளவுக் கதிர்வீச்சு தேவைப்படும். 2019 முதல் தரமணியில் புரோட்டான் சிகிச்சையும் கிடைக்கிறது. தவறான பெயரோடு துண்டு துண்டாகச் சுரண்டி எடுத்துவிட்டால் அந்த முதல் வாய்ப்பு திரும்ப வராது.

9. காடா ஈக்வைனாவில் வேறு இரண்டு

ஷ்வானோமாவில் நுனி கூர்ந்து வளைந்த உட்கருக்கள், தடித்த கொத்துகளாக. உட்கரு சில பெரிதாகக் கருத்துத் தெரிந்தால் பயப்பட வேண்டாம், பழைய ஷ்வானோமாக்களில் அது தேய்மானத்தால் வருவது. மைட்டோஸிஸ் (செல் பிரிதல்) இல்லை என்பதைப் பாருங்கள். பாராகாங்லியோமாவில் செல்கள் சிறு கூடுகளாக, உட்கருவில் நுண் மணிகளாகக் குரோமாட்டின். எபென்டிமோமாவோடு குழம்பும். சினாப்டோஃபைசின், குரோமோகிரானின் போட்டால் தீரும்.

10. தியேட்டருக்கு ஃபோனில் சொல்வது

சர்ஜன் கேட்பார்: "மேடம், எபென்டிமோமாதானே? முழுசா எடுக்கலாமா?" முதல் பாதிக்குத்தான் நீங்கள் பதில் சொல்கிறீர்கள். பார்த்ததைச் சொல்லுங்கள், உறுதி எவ்வளவு என்பதைச் சொல்லுங்கள்: "கிளையல் கட்டி, எபென்டிமோமா பக்கம் சாய்கிறது, ரோஸெட் இருக்கிறது." பார்த்தது போதவில்லை என்றால் இன்னொரு துண்டு கேளுங்கள். எம்ஆர்ஐயும் ஸ்மியரும் ஒத்துப்போகவில்லை என்றால் அதையே முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். கட்டியின் ஓரத்திலிருந்து எடுத்திருக்கலாம், அது அவருக்குத்தான் தெரியும்.

சொன்ன சொற்கள், நேரம், யாரிடம் சொன்னது மூன்றையும் ரிஜிஸ்டரில் எழுதுங்கள். ஃபோனில் பெயரை மட்டும் சொன்னால், நடுவில் இருப்பவர் வழியாகப் போய்ச் சேரும்போது அது வேறு பெயராகிவிடும்.

11. பிளாக்கும் இறுதி ரிப்போர்ட்டும்

மீதித் திசுவை அதன் அளவைப்போல் குறைந்தது பத்து மடங்கு ஃபார்மலினில் போடுங்கள். எலும்போடு வந்திருந்தால் மென்மையான பகுதியைத் தனியாகப் பிரித்து, அமிலம் படாமல் பதப்படுத்துங்கள். பலமான அமிலம் டிஎன்ஏவைச் சிதைத்துவிடும், பிற்பாடு மரபணுப் பரிசோதனை தேவைப்பட்டால் எதுவும் வராது. எலும்பையே கரைக்க வேண்டியிருந்தால் இடிடிஏ மெதுவானது, ஆனால் அதுதான் பாதுகாப்பானது.

பிளாக் வந்ததும் உங்கள் ஸ்மியர் ஸ்லைடைத் திரும்ப எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் வேறு சொன்னால், திசு எடுத்த இடம் காரணமா, ஸ்மியர் போட்ட விதம் காரணமா, படித்ததில் பிழையா என்று பிரித்து எழுதுங்கள். ரிப்போர்ட்டில் ஸ்மியரில் சொன்னதையும் இறுதிப் பெயரையும் இரண்டையும் போடுங்கள். அடுத்த முறை அதே நோயாளி வேறு மருத்துவமனைக்குப் போனால், அங்கே உட்கார்ந்திருக்கும் பேத்தாலஜிஸ்ட்டுக்கு அந்த இரண்டு வரிகளும் வேண்டும். ஸ்லைடையும் பிளாக்கையும் கேட்டால் தாமதிக்காமல் கொடுங்கள்.